வாலில் எழுதிய பெயர்: உங்கள் கணினி விமானத்துக்கு எந்தப் பதிவெண்?

சாலையில் போகும் காரின் எண்பலகையைப் பார்த்தாலே அது எந்த மாநிலத்து வண்டி என்று நமக்குத் தெரிந்துவிடும். ‘கே’ என்றால் கெடா. ‘பி’ என்றால் பினாங்கு. ‘ஏ’ பேராக், ‘ஆர்’ பெர்லிஸ். ‘கேவி’ என்று தொடங்கினால் லங்காவி வண்டி. சுங்கை பட்டாணி பெட்ரோல் நிலையத்தில் அப்பாவோடு காத்திருக்கும் பத்து வயதுப் பையனைக் கேட்டாலும் டக்கென்று சொல்வான்.

அதே பையன் தலையை நிமிர்த்திப் பார்த்தால், அலோர் ஸ்டாருக்கோ லங்காவிக்கோ இறங்கப்போகும் விமானம் ஒன்று மேலே போய்க்கொண்டிருக்கும். அதன் உடலிலும் ஓர் எண் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவன் என் அக்கா மகன். ஐந்தாம் படிவம் படிக்கிறான். பள்ளி விடுமுறை விட்டால் கணினியில் ‘ஃபிளைட் சிமுலேட்டர்’ போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். வானொலியில் என் காலை நிகழ்ச்சி முடிந்த நேரத்தில் அவனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. “சித்தி, பிளேனுக்கு நம்பர் கேட்குது. என்ன போடட்டும்?”

விளையாட்டுதானே, எதையாவது போடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விவரம் தேடத் தொடங்கியபோது, அந்த ஐந்து எழுத்துக்குள் ஒரு நாடு, ஒரு நிறுவனம், ஒரு காலகட்டம், சில வேளைகளில் பல குடும்பங்களின் கண்ணீரும் இருப்பது தெரிந்தது. பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று வீட்டிலிருந்தே விமானம் ஓட்டிப் பார்க்கிறார்கள். அவர்களுக்காகவும், “எந்நேரமும் கேம்தானா?” என்று கதவருகே நின்று கேட்கும் பெற்றோருக்காகவும் இந்தக் கட்டுரை.

வானொலி கொடுத்த எழுத்து

மலேசிய விமானங்களின் பதிவெண் ‘9எம்’ என்று தொடங்கும். அதன் பிறகு ஒரு சிறு கோடு, பிறகு மூன்று எழுத்துகள். சிங்கப்பூருக்கு ‘9வி’, தாய்லாந்துக்கு ‘எச்எஸ்’, இந்தோனேசியாவுக்கு ‘பிகே’, இந்தியாவுக்கு ‘விடி’, இலங்கைக்கு ‘4ஆர்’.

மலேசியாவுக்கு ஏன் 9எம்? இதற்கான பதில் என் தொழிலோடு தொடர்புடையது என்று அறிந்தபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. வானொலி அலைவரிசையில் பேசும் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அழைப்புக்குறி வேண்டும். ஒரு நாட்டின் குறி இன்னொரு நாட்டோடு மோதாமலிருக்க, அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளுக்கு எழுத்துகளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. விமானங்களின் நாட்டுக்குறியும் அந்தப் பட்டியலிலிருந்தே வருகிறது. அதனால்தான் தீபகற்ப மலேசியாவில் பொழுதுபோக்காக வானொலி இயக்கும் அமெச்சூர் அன்பர்களின் அழைப்புக்குறியும் ‘9எம்2’ என்று தொடங்குகிறது.

இந்தப் பங்கீட்டில் எல்லாருக்கும் மனநிறைவு என்று சொல்ல முடியாது. இந்தியாவின் ‘விடி’ ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. அதை மாற்றவேண்டும் என்று இந்திய நாடாளுமன்றத்திலேயே குரல் எழுந்தது. ஆனால் ‘ஐ’ இத்தாலியிடம் இருக்கிறது, ‘பி’ சீனாவிடம் இருக்கிறது. இந்தியாவுக்கும் பாரதத்துக்கும் பொருத்தமான முதல் எழுத்துகள் முன்பே போய்விட்டன. ‘விடி’ அப்படியே நிற்கிறது.

நாட்டுக்குறிக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்துகளை அந்தந்த நாட்டின் அதிகாரத் தரப்பு வழங்குகிறது. நம் நாட்டில் அந்தப் பொறுப்பு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துடையது. எழுத்தின் அளவுக்குக்கூட அனைத்துலக விதி உண்டு. இறக்கையின் அடியில் எழுதினால் குறைந்தது 50 சென்டிமீட்டர் உயரம், உடலில் எழுதினால் குறைந்தது 30 சென்டிமீட்டர்.

எந்த விமானத்துக்கு எந்த எழுத்து?

சிமுலேட்டரில் எண் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது விமானத்தின் வகையும் அதை ஓட்டும் நிறுவனமும்தான். மூன்று எழுத்துகளை நிறுவனங்கள் சும்மா எடுப்பதில்லை. அவற்றில் ஓர் ஒழுங்கு இருக்கும்.

மலேசியா ஏர்லைன்ஸை எடுத்துக்கொள்வோம். கோட்டுக்குப் பின் வரும் முதல் எழுத்து பெரும்பாலும் ‘எம்’. இரண்டாவது எழுத்து விமான வகையைக் காட்டும். ‘எம்பி’ என்றால் ஒரு காலத்தில் பறந்த போயிங் 747-400. ‘எம்ஆர்’ என்றால் போயிங் 777. ‘எம்டி’ என்றால் ஏர்பஸ் ஏ330. ‘எம்என்’ என்றால் ஏ380. உள்நாட்டுப் பயணத்தில் நாம் அதிகம் ஏறும் போயிங் 737-800 விமானங்களில் ‘எம்எல்’, ‘எம்எக்ஸ்’ போன்ற வரிசைகளைப் பார்க்கலாம். கடைசி எழுத்து, அந்த வரிசையில் எந்த விமானம் என்பதைச் சொல்லும்.

ஏர் ஏசியாவின் ஏ320 விமானங்கள் பெரும்பாலும் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும். நீண்டதூரம் பறக்கும் ஏர் ஏசியா எக்ஸ் விமானங்களில் ‘எக்ஸ்’ முன்னால் நிற்கும். சுபாங்கிலிருந்து அலோர் ஸ்டாருக்குக் காற்றாடி சுழல வரும் ஃபயர்ஃபிளையின் ஏடிஆர் 72 விமானங்களில் ‘எஃப்ஒய்’ என்றிருக்கும். பயணச்சீட்டில் அந்த நிறுவனத்தின் விமான எண்ணுக்கு முன்னால் வருவதும் அதே ‘எஃப்ஒய்’தான்.

ஆகவே நீங்கள் சுபாங்–அலோர் ஸ்டார் பாதையில் ஏடிஆர் ஓட்டிக்கொண்டு, ‘எம்என்’ வரிசை எண்ணைப் போட்டால், மோட்டார் சைக்கிளுக்கு லாரியின் எண்பலகையை மாட்டியது போலிருக்கும். விவரம் தெரிந்தவர் பார்த்தால் சிரித்துவிடுவார்.

சரியான எண்ணைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ‘ஃபிளைட்ரேடார்24’ செயலியைத் திறந்து அலோர் ஸ்டார் சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையத்தையோ லங்காவியையோ பாருங்கள். வந்திறங்கும் விமானத்தைத் தொட்டால் அதன் வகையும் பதிவெண்ணும் தெரியும். இன்று மாலை உண்மையிலேயே நம் மாநிலத்துக்கு வந்த விமானத்தை இன்றிரவு நீங்கள் கணினியில் ஓட்டலாம். பினாங்கிலிருந்து வடக்கே ஏறும்போது வலப்பக்கம் 1,217 மீட்டர் உயரத்தில் குனோங் ஜெராய் மலை நிற்கும். அதைக் கடந்து நெல்வயல்களுக்கு மேலே அலோர் ஸ்டார் ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது, சரியான எண்ணும் சேர்ந்திருந்தால் அந்தப் பயணத்துக்கே தனி உயிர் வந்துவிடும்.

இன்னொரு குறிப்பு. இணையத்திலிருந்து இறக்கிய நிறுவன வண்ணப்பூச்சுகளில் பதிவெண் படமாகவே வரையப்பட்டிருக்கும். நீங்கள் திரையில் தட்டச்சு செய்யும் எண் வேறாக இருந்தால், உடலில் ஒன்று, வானொலியில் ஒன்று என்றாகிவிடும். வரைந்திருக்கும் எண்ணையே தட்டச்சு செய்துவிடுங்கள். செஸ்னா போன்ற சிறு விமானங்களில் பெரும்பாலும் நீங்கள் எழுதியதே வாலருகே தோன்றும்.

காலமும் பொருந்தவேண்டும்

பழைய விமானங்களை ஓட்ட விரும்புகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். எண்ணில் வரலாறும் எழுதியிருக்கிறது.

1947 மே 1ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் தன் முதல் வழக்கமான சேவையைத் தொடங்கியது. சிங்கப்பூர் காலாங்கிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்கு. ஓடியது ஏர்ஸ்பீட் கான்சல் என்ற இரட்டை இயந்திரச் சிறு விமானம். அந்த நிறுவனத்தின் அக்காலக் கான்சல் ஒன்றின் எண் ‘விஆர்-எஸ்சிடி’. ‘விஆர்’ என்பது இந்த வட்டாரத்தில் ஆங்கிலேயர் ஆட்சியின் அடையாளம். மலாயா விடுதலை பெற்று, மலேசியா உருவாகி, 1965இல் சிங்கப்பூர் பிரிந்த கதையெல்லாம் விஆர், 9எம், 9வி என்று விமானங்களின் உடலிலேயே பதிந்துவிட்டது. 1947ஆம் ஆண்டு விமானத்துக்கு 9எம் போட்டால் வரலாற்றுப் பாடத்தில் மதிப்பெண் போய்விடும்!

இந்தியாவிலும் இப்படி ஒரு புகழ்பெற்ற எண் உண்டு. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையோடு ஓட்டிவந்த பஸ் மோத் விமானத்தின் எண் ‘விடி-ஏடிஎன்’. பம்பாயிலிருந்து அந்த அஞ்சலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். தமிழ்நாட்டுக்கு விமானத்தில் கடிதம் வந்த கதை அது.

நம் கெடாவுக்கும் ஓர் எண் இருக்கிறது. ஆனால் அது வீரமும் சோகமும் கலந்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் விமானத் தளங்களைக் குண்டுவீசித் தாக்கினர். மறுநாள் தாய்லாந்தின் சிங்கோரா தளத்தைத் திருப்பித் தாக்க பட்டர்வொர்த்தில் பிளென்ஹைம் விமானங்கள் தயாராயின. முதல் விமானம் எழும்பிய நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து, தரையிலிருந்த மற்றவற்றை முடக்கிவிட்டன. எழும்பிய அந்த ஒரே விமானத்தை ஓட்டியவர் ஆர்தர் ஸ்கார்ஃப். தனியாகவே சென்று குண்டுவீசித் திரும்பினார். வழியில் உடலெல்லாம் காயம். அலோர் ஸ்டாரில் விமானத்தை வயிற்றால் இறக்கி, உடனிருந்த இருவரையும் காயமின்றிக் காப்பாற்றினார். அவர் மட்டும் மருத்துவமனையில் உயிர் துறந்தார். 1946இல் அவருக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறையில் துயில்கிறார். அந்த பிளென்ஹைமின் எண் எல்1134.

இராணுவ விமானங்களுக்கு 9எம் வராது என்பதையும் இங்கே கவனியுங்கள். இன்றைய மலேசிய ஆகாயப்படையில் ‘எம்’ எழுத்தும் எண்களும்தான். சுகோய் 30 என்றால் எம்52, எஃப்-18 என்றால் எம்45, ஹெர்குலிஸ் என்றால் எம்30 என்று வரிசைகள் உண்டு. லங்காவியில் 1991 முதல் நடந்துவரும் லீமா கண்காட்சிக்குப் போனால் இவற்றை நேரிலேயே படித்துப் பார்க்கலாம்.

சொந்த எண் வேண்டுமா?

“எனக்கு யார் எண்ணும் வேண்டாம், என் பெயரில் ஒன்று வேண்டும்” என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மூன்று எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கினால் 26 x 26 x 26, அதாவது 17,576 எண்கள் கிடைக்கும். உங்கள் பெயரின் முதலெழுத்து, அப்பா பெயரின் முதலெழுத்து, ஊரின் முதலெழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சிறு செஸ்னாவுக்கு அது அழகாகப் பொருந்தும்.

ஆனால் சில சேர்க்கைகள் உண்மையில் வராது. ஆபத்துக் குறியான எஸ்ஓஎஸ், அவசரக் குறியான பிஏஎன் போன்றவற்றோடு குழம்பக்கூடிய எழுத்துகளைப் பயன்படுத்தக்கூடாது என்பது அனைத்துலக விதி. ‘கியூ’ என்று தொடங்கும் மூன்றெழுத்துச் சேர்க்கைகளும் அப்படித்தான். அவை பழைய தந்திக் காலத்திலிருந்து வரும் ‘கியூ’ சுருக்கக் குறிகளோடு குழம்பும்.

தேர்ந்தெடுத்ததும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இது ஒலிவாங்கி முன்னால் உட்காரும் என் போன்றவர்களின் பழக்கம். ‘எம்’ என்றேனா ‘என்’ என்றேனா என்று கேட்பவருக்கு எப்போதும் சந்தேகம் வரும். பி, டி, ஈ மூன்றும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். அதனால்தான் விமானிகள் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கு ஒரு சொல்லாகச் சொல்கிறார்கள். இன்று புழங்கும் அந்தச் சொல்வரிசை 1956 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘நைன்’ என்பதைக்கூட ‘நைனர்’ என்பார்கள், ‘ஃபைவ்’ என்று காதில் விழுந்துவிடக்கூடாதே என்று. ஆக மலேசிய விமானத்தின் பதிவெண்ணை வானொலியில் முழுதாகச் சொன்னால் அது ‘நைனர் மைக்’ என்றே தொடங்கும்.

‘வாட்சிம்’ போன்ற இணைய வலையமைப்பில், மறுமுனையில் உண்மையான மனிதர்கள் தன்னார்வத்தோடு கட்டுப்பாட்டு அதிகாரிகளாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே சிறு விமானம் தன் பதிவெண்ணையே அழைப்புக்குறியாகச் சொல்லும், நடுவிலுள்ள கோடு இல்லாமல். நிறுவன விமானம் என்றால் நிறுவனக் குறியும் பயண எண்ணும் அழைப்புக்குறியாகும். பதிவெண் பயணத் திட்டத்தின் குறிப்புப் பகுதியில் போகும். கூச்சமில்லாமல் ஆங்கிலத்தில் தெளிவாகப் பேச இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை என்று பெற்றோருக்குச் சொல்லிவைக்கிறேன்.

தொடக்கூடாத எண்கள்

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். என் அக்கா மகன் முதலில் தேர்ந்தெடுத்து வைத்திருந்த எண் ‘9எம்-எம்ஆர்ஓ’. இணையத்தில் தேடியதும் முதலில் வந்ததாம். “ஃபேமஸ் நம்பர் சித்தி!” என்றான். அந்தத் துயரம் நடந்தபோது அவன் சின்னப் பிள்ளை.

9எம்-எம்ஆர்ஓ, 2014 மார்ச் 8ஆம் தேதி 239 பேரோடு மறைந்துபோன எம்எச்370. அதே ஆண்டு ஜூலை 17ஆம் தேதி உக்ரேன் வான்வெளியில் 298 பேரோடு சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17, ‘9எம்-எம்ஆர்டி’. 1977 டிசம்பர் 4ஆம் தேதி கடத்தப்பட்டு ஜோகூர் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்த போயிங் 737, ‘9எம்-எம்பிடி’. 2014ஆம் ஆண்டின் அந்த இரு விமானங்களிலும் மலேசிய இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் இன்றும் சுவரில் படம் இருக்கிறது, விளக்கு எரிகிறது.

அந்தப் பயண எண்களை மலேசியா ஏர்லைன்ஸே ஓய்வுபெற வைத்துவிட்டது. பெய்ஜிங் பயணம் எம்எச்318 ஆனது. ஆம்ஸ்டர்டாம் பயணம் எம்எச்19 ஆனது. நிறுவனமே எடுத்துவைத்த எண்ணை நாம் பொழுதுபோக்குக்காக எடுத்து ஓட்டவேண்டுமா? இணைய வலையமைப்பில் அந்த எண்ணைக் கேட்கும் இன்னொருவர், அதில் உறவைப் பறிகொடுத்தவராகக்கூட இருக்கலாம். தடுக்கும் பூட்டு எதுவும் கணினியில் இல்லாமல் போகலாம். சாவு வீட்டின் முன்னால் பாட்டுச் சத்தத்தைக் குறைக்க நமக்கு யாரும் சட்டம் போட்டதில்லையே, நாமாகத்தானே குறைக்கிறோம்?

இதை அவனிடம் சொன்னபோது அவன் எதிர்த்துப் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, “அப்ப, ஆள் பேரு மாதிரியா சித்தி இது?” என்று கேட்டான். ஆமாம், பெயர் மாதிரிதான்.

எண் என்பது உரிமை

1944இல் சிகாகோவில் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கை, விமானத்துக்குக் குடியுரிமை உண்டு என்கிறது. எந்த நாட்டில் பதிவாகிறதோ அந்த நாட்டுக்குரியது. ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிவு செய்ய முடியாது. பதிவுக்குறி இல்லாமல் நாடுவிட்டு நாடு பறக்க முடியாது. விபத்தோ வழக்கோ வந்தால், இது எங்களுடையது என்று பொறுப்பேற்க ஒரு நாடு இருக்கவேண்டும் என்பது இதன் பொருள்.

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கடைசிவரை அவர் கையிலிருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணிலேயே உழைத்து, இந்த மண்ணிலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தும் நிரந்தரவாசி என்ற நிலையைத் தாண்டவில்லை. தோட்டங்களில் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடுபட்ட பிள்ளைகள் பின்னால் பள்ளிக்கும் வேலைக்கும் வங்கிக்கும் அலைந்த கதைகள் நம் குடும்பங்களில் ஏராளம். இன்னும் அந்த அலைச்சல் முடியாதவர்களும் இருக்கிறார்கள். இரும்பால் செய்த ஒரு பறவைக்கு உலக நாடுகள் கூடி உறுதிசெய்த அடையாளம், நம் வீட்டு மனிதர்கள் சிலருக்கு எட்டாமலே போனது.

அதனால்தான் பிள்ளைகள் கேட்கும் இந்தச் சின்னக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள் என்கிறேன். ஓர் எண்ணைத் தேடும்போது நாட்டுக்குறியைக் கற்கிறார்கள், வரலாற்றைத் தொடுகிறார்கள், பிறர் துயரத்துக்கு மதிப்புக் கொடுக்கப் பழகுகிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் விமானியாகலாம், பொறியாளராகலாம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்காரலாம். எதுவும் ஆகாவிட்டாலும், பதிவு என்பதன் அருமை தெரிந்தவராக வளர்வார்.

இளம் விமானிகளே, இன்றிரவு கணினியைத் திறக்கும்போது இந்த ஐந்தையும் சரிபாருங்கள். நாட்டுக்குறி சரியா? நிறுவனமும் விமான வகையும் பொருந்துகிறதா? காலம் ஒத்துப்போகிறதா? வாய்விட்டுச் சொன்னால் தெளிவாக இருக்கிறதா? அந்த எண் யாருடைய துயரத்தையாவது சுமக்கிறதா?

பெற்றோரே, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அடுத்தமுறை அறைக்கதவைத் திறந்ததும், “உன் பிளேன் நம்பர் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு நிறைய இருக்கும்.